3.32 என்றால் நல்லதா, கெட்டதா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து எம்.எஸ்சி. நர்சிங் இறுதியாண்டு மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் கல்லூரியும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆறு பக்கக் கடிதம், அதன் சாரம் இது:

ஒரு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்த 120 பேரிடம் அவர் கேள்வித்தாள் கொடுத்து ஆய்வு செய்திருக்கிறார். முதல் பகுதியில் எந்தத் துறைக்கு வந்தார்கள், வயது, கல்வி, மாத வருமானம், காப்பீட்டு அட்டை உண்டா இல்லையா என்ற விவரங்கள். இரண்டாம் பகுதியில் எத்தனை நிமிடம் காத்திருந்தார்கள், வந்தபோது வலி 0 முதல் 10 வரை எவ்வளவு, இந்த மருத்துவமனையைப் பற்றி யார் மூலம் தெரிந்தது என்ற கேள்விகள். மூன்றாம் பகுதியில் ‘மிகவும் அதிருப்தி, அதிருப்தி, பரவாயில்லை, திருப்தி, மிகவும் திருப்தி’ என்ற ஐந்து விடைகளோடு பத்துக் கேள்விகள். எல்லா விடைக்கும் 1, 2, 3 என்று எண் கொடுத்து எக்செல்லில் ஏற்றி, எல்லா வரிசைக்கும் சராசரியும், விடைகள் அதிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கமும் எடுத்துவிட்டார். ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு சொன்னது அதுதான். ஆனால் சீனியர் ஒருவர் பார்த்துவிட்டு, “இந்த ஐந்து விடை லைக்கர்ட் ஸ்கேலுக்கு சராசரி எடுத்தால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கிழித்துவிடுவார்கள், மீடியன்தான் போட வேண்டும்” என்று பயமுறுத்தியிருக்கிறார். வார்டு கண்காணிப்பாளரிடம் முடிவைக் காட்டியபோது அவர் வேறொன்று கேட்டாராம்: “3.32 என்று போட்டிருக்கிறாயே, அது நல்லதா, கெட்டதா?” வைவாவுக்கு மூன்று வாரம் இருக்கிறது. சராசரி எடுக்கலாமா, கூடாதா? வயதைப் பிரிவுகளாகக் கேட்டது தப்பா? விடைகளைத் திருப்தி, அதிருப்தி என்று இரண்டாகச் சுருக்கலாமா? மறுபடி முதலிலிருந்து சர்வே எடுக்க வேண்டுமா?

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், நிம்மதியாக மற்றதைப் படிக்கலாம். மறுபடி சர்வே எடுக்க வேண்டியதில்லை. நீங்கள் திரட்டிய தகவலில் பெரிய பழுது இல்லை. சுருக்கிச் சொன்ன விதத்தில்தான் கோளாறு, அதற்கு மூன்று வாரம் தாராளம். மருத்துவ மாணவர்களின் ஆய்வேடுகளுக்குப் புள்ளியியல் பார்த்துக் கொடுப்பதே என் பிழைப்பு. நீங்கள் அனுப்பியது போன்ற அட்டவணை வராத மாதமே எனக்கு இல்லை.

எண் போட்டதெல்லாம் எண் ஆகிவிடாது

உங்கள் அட்டவணையின் முதல் வரி: “துறை: 2.41 ± 1.12”. பொது மருத்துவம் 1, எலும்பியல் 2, தோல் 3, கண் 4 என்று நீங்களே கொடுத்த எண்கள் அவை. அகர வரிசையில் கொடுத்திருந்தால் வேறு சராசரி வந்திருக்கும். சென்னை பாரிமுனையின் அஞ்சல் குறியீடு 600001, மதுரையுடையது 625001. கூட்டி இரண்டால் வகுத்தால் 612501. 612 என்று தொடங்குபவை கும்பகோணம் பக்கத்து எண்கள். சென்னைக்கும் மதுரைக்கும் சராசரி கும்பகோணம் என்று யாராவது சொன்னால் சிரிப்போம் இல்லையா? துறைக்குச் சராசரி எடுத்ததும் அதே கதைதான். இந்த வகை எண் வெறும் பெயர்ச்சீட்டு, பாடப்புத்தகம் இதைப் பெயரளவை என்கிறது. எந்தத் துறைக்கு எத்தனை பேர், எத்தனை சதவீதம் என்று எழுதினால் போதும். ஒற்றை வார்த்தையில் சொல்ல வேண்டுமென்றால், அதிகம் பேர் வந்த துறை எது என்று சொல்லலாம். அதற்குத்தான் முகடு என்று பெயர்.

காப்பீட்டு அட்டை வரியில் 1.35 என்று இருக்கிறது. உண்டு என்பதற்கு 1, இல்லை என்பதற்கு 2 கொடுத்திருக்கிறீர்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. உண்டு என்பதற்கு 1, இல்லை என்பதற்கு 0 கொடுத்திருந்தால் சராசரி 0.65 வந்திருக்கும், அதாவது 65 சதவீதம் பேரிடம் அட்டை இருக்கிறது. பெயரளவையாக இருந்தாலும் 0, 1 போட்ட இரட்டை விடைக்குச் சராசரி பொருள் தரும், ஏனென்றால் அந்தச் சராசரியே விகிதாச்சாரம்தான். உங்கள் 1.35-க்குள்ளும் அதே 65 சதவீதம் இருக்கிறது, ஆனால் அதைப் படிக்கிறவர் மனக்கணக்குப் போட வேண்டும். 78 பேர், 65 சதவீதம் என்று நேராக எழுதிவிடுங்கள்.

கல்வி கொஞ்சம் வேறு. பள்ளிக்குப் போகாதவர் 1, தொடக்கப்பள்ளி 2 என்று பட்டதாரி வரை போகிறது. இங்கே வரிசைக்குப் பொருள் உண்டு, 4 என்பது 3-ஐ விட மேல். ஆனால் 1-க்கும் 2-க்கும் உள்ள தூரமும் 4-க்கும் 5-க்கும் உள்ள தூரமும் ஒன்றா? மாத்திரைச் சீட்டில் நேரம் போட்டிருப்பதைப் படிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள தூரம், பிளஸ் டூவுக்கும் டிகிரிக்கும் உள்ள தூரத்தை விடப் பெரிது என்று உங்களுக்கு வார்டில் நன்றாகவே தெரிந்திருக்கும். இது தரவரிசை அளவை. எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்தால் நடுவில் நிற்பவர் எந்தப் படியில் இருக்கிறார் என்று கேட்கலாம், அதுதான் மீடியன் எனப்படும் இடைநிலை அளவு. “நடுவில் நிற்பவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர்” என்று எழுதலாம். “சராசரிக் கல்வி 2.87” என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

அடுத்த இரண்டு அளவைகளுக்கு உங்கள் சட்டைப் பையில் இருக்கும் தெர்மாமீட்டரே போதும். 98.6-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பொருள் உண்டு, சராசரிக்கும் பொருள் உண்டு. ஆனால் காய்ச்சல் இரண்டு மடங்கு என்று எந்த நர்சும் குறிப்பு எழுதுவதில்லை. 98.6 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது 37 செல்சியஸ், 104 என்பது 40 செல்சியஸ். முதல் கணக்கில் ஏற்றம் ஐந்தரை சதவீதம், இரண்டாவதில் எட்டுச் சதவீதம். அதே உடம்பு, அதே காய்ச்சல். சுழி எங்கே வைக்கப்பட்டது என்பது மனிதர் செய்த ஏற்பாடு, அதனால் மடங்குக் கணக்கு நிற்காது. இது இடைவெளி அளவை. காத்திருந்த நிமிடம் அப்படியில்லை. சுழி என்றால் காத்திருக்கவே இல்லை, 40 நிமிடம் என்பது 20-இன் இரண்டு மடங்குதான். இது விகித அளவை.

கைடா, சீனியரா?

இந்த நான்கு பெயர்களையும் கொடுத்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ். 1946-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார். அதற்கு ஒரு பின்கதை உண்டு. மனிதன் உணர்வதை அளக்க முடியுமா என்று முடிவுசெய்ய, 1932-இல் பிரிட்டனின் அறிவியல் கழகம் ஒரு குழுவை நியமித்தது. இயற்பியலாளர்களும் உளவியலாளர்களும் ஏழெட்டு வருஷம் மல்லுக்கட்டினார்கள். 1940-இல் இறுதி அறிக்கை வந்தபோதும் ஒத்த கருத்து வரவில்லை. அளப்பது என்றால் என்ன என்பதையே நாம் சரியாகப் பிரித்துச் சொல்லவில்லை என்றுதான் ஸ்டீவன்ஸ் ஆரம்பித்தார். உங்கள் சீனியர் பிடித்துக்கொண்டிருப்பது அவர் போட்ட கோட்டைத்தான்: தரவரிசை என்றால் மீடியன், சராசரி கூடாது. ஆனால் அதே கட்டுரையில் ஸ்டீவன்ஸ் ஒரு சந்து விட்டிருக்கிறார். கறாராகப் பார்த்தால் தரவரிசை எண்களுக்குச் சராசரி எடுக்கக் கூடாது, ஆனாலும் நடைமுறையில் அது பல சமயம் பயன் தருகிறது, அந்த அளவில் அதற்கு ஓர் அனுமதி உண்டு என்கிறார். தடை போட்டவரே இப்படிச் சொன்னார் என்பது வைவாவில் கைகொடுக்கும்.

அதே 1932-இல் ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்கர் ஐந்து விடை முறையை வெளியிட்டார். அவர் தம் பெயரை லிக்கர்ட் என்றுதான் உச்சரித்தார், லைக்கர்ட் என்று அல்ல. இதைச் சொல்லி சீனியரைக் கொஞ்சம் சீண்டலாம். அது கிடக்கட்டும். லிக்கர்ட் ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரின் மனநிலையை அளக்கவில்லை. ஒரே விஷயத்தைப் பல பக்கத்திலிருந்து கேட்கும் பல வாக்கியங்களை வைத்து, ஒவ்வொருவரின் விடைகளையும் கூட்டி மொத்தம் பார்த்தார். அவருடைய அளவுகோல் என்பது அந்தக் கூட்டுத்தொகைதான், அதில் ஒரு வரி மட்டும் அளவுகோல் ஆகாது.

இங்கேதான் கைடுக்கும் சீனியருக்கும் நடுவே வழி பிறக்கிறது. ஒற்றைக் கேள்வி என்றால் சீனியர் பக்கம் நியாயம் அதிகம். பல கேள்விகளின் மொத்த மதிப்பெண் என்றால் கைடு சொல்வது பெரும்பாலும் சரி. மொத்தத்தில் படிகள் நிறைய வந்துவிடும், ஒரு கேள்வியின் மேடுபள்ளம் இன்னொன்றில் சமன் ஆகும், விநியோகமும் ஓரளவு மணி வடிவத்துக்கு வரும். அப்போது சராசரியும் திட்ட விலக்கமும் போட்டால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஒரு நிபந்தனை: கேள்விகள் ஒன்றோடொன்று சேர்ந்து போக வேண்டும். டாக்டர் பேசிய விதமும் கழிப்பறைச் சுத்தமும் ஒரே திருப்தியைத்தான் அளக்கின்றனவா? கேள்விகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஒரே எண்ணில் காட்டும் கிரோன்பாக் ஆல்ஃபா எடுத்துப் பாருங்கள், எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் இரண்டு நிமிட வேலை.

உங்கள் துறையிலேயே இதற்கு ஒரு பழைய முன்னுதாரணம் இருக்கிறது. சமூகப் பொருளாதார நிலைக்கு நீங்கள் எல்லோரும் போடும் குப்புசாமி அளவுகோல், 1976-இல் வந்தது. கல்வி, தொழில், வருமானம் மூன்றுக்கும் தரவரிசை மதிப்பெண் கொடுத்து, 3 முதல் 29 வரை கூட்டி, அப்புறம் அந்தக் கூட்டுத்தொகையை ஐந்து வகுப்பாகத் திரும்பவும் வெட்டுகிறோம். கறார் பேர்வழிக்கு இதைப் பார்த்தால் நெஞ்சு வலிக்கும். ஆனால் கடைசியில் நாம் அறிவிப்பது வகுப்பைத்தான், 14.6 என்ற சராசரியை அல்ல. அந்த அளவுக்கு அது அடக்கமானது.

3.32-க்குள் இருக்கும் 30 பேர்

இப்போது கண்காணிப்பாளர் கேட்ட கேள்விக்கு வருவோம். என்னைக் கேட்டால் உங்கள் கைடு, சீனியர் இருவரையும் விட அவர் கேட்டதுதான் ஆழமான கேள்வி.

ஏழாம் கேள்வி, “மருத்துவர் நீங்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார் என்பதில்”. நீங்கள் இணைத்திருந்த எக்செல் தாளை நான் எண்ணிப் பார்த்தேன். மிகவும் அதிருப்தி 30 பேர், அதிருப்தி 14, பரவாயில்லை 6, திருப்தி 28, மிகவும் திருப்தி 42. கூட்டினால் 398, 120-ஆல் வகுத்தால் 3.32. படிக்கிறவர் மனதில் என்ன பதியும்? பொதுவாக ‘பரவாயில்லை’க்குக் கொஞ்சம் மேல் என்று. ஆனால் 120 பேரில் ‘பரவாயில்லை’ சொன்னவர்கள் வெறும் 6 பேர்! சராசரி போய் நிற்கும் இடத்தில் ஆளே இல்லை.

சரி, சீனியர் சொன்னபடி மீடியன் எடுத்தால்? 60-ஆவது, 61-ஆவது ஆட்கள் இருவருமே ‘திருப்தி’யில் நிற்கிறார்கள். ஆக மீடியன் 4, நோயாளிகள் திருப்தியாக இருக்கிறார்கள். இது இன்னும் மோசம். வயிறெரிந்து போன 30 பேரை இந்த விடை வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறது.

எந்த ஒற்றை எண்ணைப் போடுவது என்றுதான் கைடும் சீனியரும் வாதாடுகிறார்கள். இந்தக் கேள்விக்கு ஒற்றை எண்ணே பொருந்தாது என்பது என் கருத்து. ஐந்து விடைக்கும் ஐந்து சதவீதம் போடுங்கள்: 25, 11.7, 5, 23.3, 35. ஒரே கிடைப்பட்டையில் ஐந்து நிறமாக வரைந்தால் இன்னும் நல்லது. பத்துக் கேள்விக்கும் பத்துப் பட்டை ஒன்றன் கீழ் ஒன்றாக வந்தால், எது ஒழுங்காக இருக்கிறது, எது இரண்டாகப் பிளந்திருக்கிறது என்று கண்காணிப்பாளர் நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கைடு பக்கமும் நியாயமாக இருக்கட்டும் என்று. உங்கள் அட்டவணையில் அந்தச் சராசரிக்குப் பக்கத்தில் திட்ட விலக்கம் 1.63 என்று இருந்தது. 1 முதல் 5 வரை உள்ள அளவில், பாதிப் பேர் 1, பாதிப் பேர் 5 என்று முழுசாகப் பிளந்தாலே அது 2-ஐத்தான் எட்டும். 1.63 என்பது கத்திக்கொண்டிருக்கிறது. பழகிய கண்ணுக்கு அது கேட்கும். உங்கள் வாசகர்களுக்கு அப்படிக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

விடையை இரண்டாகச் சுருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சுருக்கலாம், ஆனால் ஐந்து விடை அட்டவணையை முதலில் கொடுத்துவிட்டு. அப்போதும் ‘பரவாயில்லை’யை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதை முடிவைப் பார்க்குமுன் தீர்மானித்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பார்த்த பிறகு சேர்த்தால் கை தானாகவே நல்ல பக்கம் போகும். அந்த வார்த்தையே வம்பு பிடித்தது என்பது வேறு. “சாப்பாடு எப்படி?” என்றால் “பரவாயில்லையே!” என்பது பாராட்டு. “காலில் மிதித்துவிட்டேன், மன்னிக்கணும்” என்றால் “பரவாயில்லை” என்பது பொறுத்துக்கொள்வது. இரண்டையும் ஒரே 3-இல் போட்டு வைத்திருக்கிறோம். அதோடு, எழுதத் தெரியாதவர்களுக்கு நீங்களே கேள்வியை வாசித்துக் காட்டியதாகச் சொல்லியிருக்கிறீர்கள். யூனிஃபார்மில் நிற்கும் பெண்ணிடம் “எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா” என்று சொல்வதுதான் நம் ஊர் மரியாதை. யாருக்கு நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள், யார் தாமே எழுதினார்கள் என்று குறிப்பு இருந்தால் இரு கூட்டத்தையும் தனித்தனியே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் அதை ஆய்வின் குறையாக ஒரு வரி எழுதுங்கள். குறையை நீங்களே சொல்லிவிட்டால், வெளியிலிருந்து வரும் தேர்வாளரான எக்ஸ்டர்னல் அதைக் கேட்பதில் சுவை இருக்காது.

இதைவிட அவசரமான ஒன்று பத்தாம் கேள்வியில் இருக்கிறது. மருந்தகத்தைப் பற்றிய கேள்வியில் சராசரி 3.45 என்று போட்டிருக்கிறீர்கள், பத்துக் கேள்வியில் அதுதான் உச்சம். எனக்குச் சந்தேகம் தட்டி வரிசையைப் பார்த்தேன். மருந்தகத்துக்கே போகாத 18 பேருக்கு ‘பொருந்தாது’ என்று 6 போட்டிருக்கிறீர்கள். எக்செல்லுக்கு அது ‘மிகவும் திருப்தி’யை விட ஒரு படி மேல்! அந்த 18 பேரை எடுத்துவிட்டால் மீதி 102 பேருக்குச் சராசரி சரியாக 3.0. சராசரி கூடுமா கூடாதா என்ற சர்ச்சையை விட இந்த 6 ஆபத்தானது, ஏனென்றால் இது யார் கண்ணிலும் படாது. அந்தக் கட்டங்களைக் காலியாக விடுங்கள். மொத்த மதிப்பெண்ணுக்கு இந்தக் கேள்வியை விட்டுவிட்டு மற்ற ஒன்பதையும் கூட்டினால் 120 பேருக்கும் ஒரே அளவுகோல் கிடைக்கும், 9 முதல் 45 வரை.

நிமிடக் கணக்கு

காத்திருந்த நேரம் விகித அளவை, அதனால் சராசரிக்குத் தடையில்லை என்று நினைத்திருக்கிறீர்கள். தடை இல்லைதான், ஆனால் சராசரிதான் நல்ல சுருக்கம் என்று அர்த்தமில்லை. உங்கள் பட்டியலின் முதல் பத்துப் பேர்: 20, 25, 30, 30, 35, 40, 40, 45, 60, 240. கடைசி ஆள் ஸ்கேன் அறிக்கைக்காக உட்கார்ந்திருந்தவராக இருக்கும். சராசரி 56.5 நிமிடம். பத்துப் பேரில் எட்டுப் பேர் அதைவிடக் குறைவாகத்தான் காத்திருந்தார்கள். மீடியன் 37.5. ஒரு சாதாரண நோயாளி எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று கேட்டால் இதுதான் நெருங்கிய பதில். பக்கத்தில் திட்ட விலக்கத்துக்குப் பதிலாகக் கால்மானங்களை, அதாவது வரிசையில் கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் நிற்பவர்களின் எண்களைப் போடுங்கள், இந்தப் பத்துப் பேரில் அது 30 முதல் 45 வரை.

அதற்காகச் சராசரியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். ஓ.பி. கூடத்தில் எத்தனை நாற்காலி வேண்டும் என்று நிர்வாகம் கேட்டால் மொத்தக் காத்திருப்பு நேரம் வேண்டும், அது சராசரியிலிருந்துதான் வரும். நான்கு மணி நேரம் உட்கார்ந்தவரும் நாற்காலியில்தானே உட்கார்ந்தார்? கேள்வி எது என்பதைப் பொறுத்து விடை.

பட்டியலில் 30, 60 என்ற எண்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தீர்களா? யாரும் கடிகாரம் பார்க்கவில்லை, “அரை மணி இருக்கும்”, “ஒரு மணி நேரம் ஆச்சு” என்று சொல்லியிருக்கிறார்கள். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயது 0, 5-இல் முடியும் எண்களில் குவிவதும் இதே பழக்கம்தான். ஆகவே 37.5 என்பதில் அந்த அரை நிமிடத்துக்கு அதிக மரியாதை தர வேண்டாம். சுமார் 40 நிமிடம் என்று விளக்கத்தில் எழுதினால் குற்றமில்லை.

வலி எண்ணைப் பற்றிச் சுருக்கமாக: 0 முதல் 10 வரை இருந்தாலும் அது தரவரிசைதான். 8-லிருந்து 4-க்கு வந்தால் வலி குறைந்தது என்று எழுதுங்கள், பாதியானது என்று எழுதாதீர்கள். மீடியனும் கால்மானங்களும் போதும். ‘யார் மூலம் தெரிந்தது’ கேள்வியில் ஒருவர் பல விடை சொல்லலாம் என்று விட்டிருக்கிறீர்கள், அதை வட்ட வரைபடமாகப் போட முடியாது, சதவீதங்கள் கூட்டினால் 100-ஐத் தாண்டும். ஒவ்வொரு விடையையும் தனித்தனி ‘ஆம், இல்லை’யாக எண்ணிப் பட்டை வரையுங்கள்.

வயதும் ஓ.பி. எண்ணும்

வயதைப் பிரிவுகளாகக் கேட்டது தப்பில்லை, ஆனால் நஷ்டம். 34 என்று வாங்கியிருந்தால் எப்போது வேண்டுமானாலும் ‘31 முதல் 45’ என்று ஆக்கிக்கொள்ளலாம். ‘31 முதல் 45’ என்று வாங்கியதைத் திரும்ப 34 ஆக்க முடியாது. அடுத்த ஆய்வில் பூர்த்தியான வயதை எண்ணாகவே கேளுங்கள். பிரிவின் நடு எண்ணை வைத்துச் சராசரி கணக்கிடலாமே என்கிறீர்கள். புத்தகத்தில் அந்த முறை உண்டு, ஆனால் உங்கள் கடைசிப் பிரிவு ‘60-க்கு மேல்’, அதற்கு நடு எண் எது? 65-ஆ, 75-ஆ? வருமானத்திலும் இதே சிக்கல், கடைசிப் பிரிவு ‘40,000-க்கு மேல்’. இரண்டுக்கும் ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை சதவீதம், நடு ஆள் எந்தப் பிரிவில் என்று எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படிவத்தின் ஓரத்தில் ஓ.பி. எண்ணைக் குறித்து வைத்திருப்பதாகவும், பதிவேட்டிலிருந்து சரியான வயதை எடுத்துவிடலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து எடுக்காதீர்கள். அவர்கள் சம்மதித்தது உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல, பதிவேட்டைத் திறக்க அல்ல. உங்கள் சம்மதப் படிவத்திலேயே ‘அடையாளம் வெளிப்படாது’ என்று இருக்கிறது. அவர்களுக்கு நீங்கள் கொடுத்த வாக்கு அது. எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி இல்லாமல் பதிவேட்டைத் தொட்டால், சராசரி சரியா தவறா என்பதெல்லாம் சின்ன விஷயமாகிவிடும். அந்த ஓ.பி. எண் எக்செல் தாளில் இருந்தால் முதலில் அந்த வரிசையை நீக்குங்கள், தாள் படிவங்களைப் பூட்டி வையுங்கள். எனக்கு அனுப்பிய பிரதியிலும் அது இருந்தது, நான் அழித்துவிட்டேன்.

கைடிடம் எப்படிப் போவது?

“நீங்கள் சொன்னது தப்பு சார்” என்று போகாதீர்கள், பாதி அளவுக்கு அவர் சொன்னது சரி. ஒன்பது கேள்வி மொத்தத்துக்குச் சராசரி, திட்ட விலக்கம் அப்படியே இருக்கட்டும். தனிக் கேள்விகளுக்குச் சதவீத அட்டவணையை எடுத்துப்போய், ஏழாம் கேள்வியை மட்டும் இரண்டு விதமாகவும் காட்டுங்கள். அப்போதும் சராசரி இருந்தே ஆக வேண்டும் என்றால் சதவீதங்களுக்குப் பக்கத்தில் ஒரு கட்டத்தில் வைத்துவிடுங்கள், சண்டை வேண்டாம். ஆய்வேட்டில் உங்கள் பெயர் இருக்கிறது, ஆனால் கையெழுத்து அவருடையது.

பொருந்தாத 6-களை நீக்குவது தகவலைத் திருத்துவதாகாதா என்ற பயம் உங்களுக்கு வரலாம். ஆகாது, யாருடைய விடையையும் நீங்கள் மாற்றவில்லை, குறியீட்டுப் பிழையைச் சரிசெய்கிறீர்கள். ஆனால் முதல் எக்செல் கோப்பைத் தொடாமல் அப்படியே வைத்துவிட்டு, பிரதியில் மாற்றம் செய்து, என்ன மாற்றினீர்கள், எந்தத் தேதியில், ஏன் என்று தனித் தாளில் எழுதி வையுங்கள். கைடிடம் முன்பு கொடுத்த வரைவில் 3.45 இருந்தது, இப்போது 3.0 இருக்கிறது என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஒப்பிடும் சோதனைகளுக்கு நீளமாக எழுதத் தேவையில்லை. துறை, காப்பீடு போன்றவற்றுக்கு, எண்ணிக்கைகளை ஒப்பிடும் கை-வர்க்கச் சோதனை, தனிக் கேள்வியை இரு கூட்டத்துக்கிடையே ஒப்பிட, தரவரிசையை வைத்துப் பார்க்கும் மான்-விட்னி, மொத்த மதிப்பெண்ணுக்கு, சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை. ஒவ்வொரு கூட்டத்திலும் போதுமான பேர் இருந்தால் அது தாங்கும். முடிவுரையில் மட்டும் ‘நோயாளிகள் இவ்வாறு கருதுகிறார்கள்’ என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். உங்களிடம் இருப்பது அந்த நாட்களில் அந்த ஓ.பி.க்கு வந்து, உட்கார்ந்து பதில் சொல்ல நேரமிருந்த 120 பேர்.

கடைசியாக ஒரு வேலை, இன்றைக்கே செய்யலாம். ஒவ்வொரு படிவத்திலும் காலை ஓ.பி.யா, மாலை ஓ.பி.யா என்று நீங்கள் குறித்திருப்பதைப் பார்த்தேன். அதை எக்செல்லில் ஏற்றவில்லை. ஏற்றிவிட்டு, ஏழாம் கேள்வியில் ‘மிகவும் அதிருப்தி’ சொன்ன அந்த 30 பேரும் எந்த வேளையில், எந்தத் துறைக்கு வந்தவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். எல்லோரும் ஒரே கட்டத்தில் குவிந்திருந்தால், ஆய்வேடு பைண்டிங்குக்குப் போகுமுன் அந்த ஒரு தாளை மட்டும் எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளரிடம் போங்கள்.